கத்திரிக்கோல் இல்லாத அறை

பல்செட் செய்பவன் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிறான் என்பது இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்ததும் தற்செயலாகத்தான். ஒரு நாள் காலை குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. துண்டு கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. துண்டைக் கதவின் மேல் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனவள், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிறவரை அப்படியே நின்றாள்.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஒன்பது வயது மூத்தவள், பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கணவர் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கு இரண்டு அறை, நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. அவ்வளவுதான் குடும்பம்.

மறுநாள் அவள் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். டாக்டர் மாத்திரை எழுதினார், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். ‘ஏன்?’ என்று அவர் கேட்டார். பத்தொன்பது வயதில் ஒரு பரீட்சை விடுமுறையில் ஆரம்பித்தது என்று மட்டும் சொன்னான். ஏன் என்று அவனே தன்னைப் பலமுறை கேட்டிருக்கிறான். கிணற்றில் போட்ட கல் மாதிரி அந்தக் கேள்வி உள்ளே போகும், தண்ணீர் சத்தம்கூடக் கேட்காது.

கிளம்பும்போது டாக்டர் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

“சனிக்கிழமை நாலு மணி. சைக்கிள் கடைக்கு மேல ஒரு அறை. அங்க டாக்டர் யாரும் இருக்க மாட்டாங்க. உங்களை மாதிரி ஆளுங்கதான். காகிதம் ஒட்டிப் படம் பண்றாங்க. போய்ப் பாருங்க.”

“எனக்குப் படம் வரையத் தெரியாது டாக்டர்.”

“எனக்கும்தான் தெரியாது. அதுக்கு என்ன?”

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மூன்று சனிக்கிழமை அது சட்டைப்பையிலேயே இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் வீடு மாறிப்போனது. அக்கா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தது. அவன் எழுந்தால் எழுந்தாள், அவன் நடந்தால் அவள் செருப்பு சத்தம் பின்னாலேயே வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். ஆனால் வாயைத் திறந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சாப்பிட்டியா?”, “விளக்க அணைச்சியா?” இவ்வளவுதான். முன்பும் அவன் தனியாகத்தான் இருந்தான். அந்தத் தனிமைக்குள் காலை நீட்டிப் படுக்கவாவது இடம் இருந்தது. இப்போது அதன் வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வேலை செய்த இடம் ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டு. முன்னறையில் பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவன் அதில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகினதும் பிரித்து, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். கிழவர்களுக்குக் கொஞ்சம் மஞ்சள் பல், வாத்தியார்களுக்கு டீக்கறை படிந்த மாதிரி ஒரு சாயல். தன் பல்லைப் போலவே வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவன் கைவேலையால். ஆனால் அவன் அந்த முகங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டு சிரிப்பதெல்லாம் முன்னறையில் நடக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் அவனும் பாலிஷ் இயந்திரமும்தான். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பான். “பல்லுக்காரர் மாப்பிள்ளை மாதிரியே வர்றாரு பாரு” என்று முதலாளி கேலி செய்வார். அவனும் சிரித்துவைப்பான்.

நாலாவது சனிக்கிழமை அவன் போனதற்குக் காரணம் தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. அக்காவின் கண்ணிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பிக்க வேறு இடம் கிடைக்கவில்லை, போனான்.

சைக்கிள் கடைக்குப் பக்கவாட்டில் ஒடுக்கமான மாடிப்படி. மேலே ஒரு நீள அறை. சுவரெல்லாம் காகிதப் படங்கள், நடுவில் இரண்டு பெரிய மேசைகள், அதன் மேல் பழைய செய்தித்தாள், நாட்காட்டித் தாள், பொட்டலம் கட்டும் காகிதம் என்று மலையாகக் குவிந்து கிடந்தது. ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். பிள்ளையின் வகுப்பறைக்குள் தெரியாமல் நுழைந்த அப்பா மாதிரி இருந்தது அவனுக்கு. திரும்பி இறங்கிவிடலாம் என்று காலை எடுத்தபோது, காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ் கண்டக்டர், டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள்.

“உள்ள வாங்கண்ணா, உள்ள இடம் இருக்கு” என்றாள், படிக்கட்டில் தொங்குகிறவனைக் கூப்பிடுவதுபோல. “ரெண்டு மூணு விஷயம் சொல்லிடுறேன். இங்க கத்திரிக்கோல் கிடையாது. கூரா எதுவுமே கிடையாது. எல்லாம் கையால கிழிச்சு ஒட்டுறதுதான். காயத்தைக் காட்டுறது கிடையாது, எப்படின்னு சொல்றதும் கிடையாது. மத்தபடி என்ன வேணா பேசலாம். பேசாமலும் உட்காரலாம், அதுக்குன்னு தனி டிக்கெட் இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். இதை அவர்கள் நூறு தடவை கேட்டிருப்பார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

முதலில் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எப்படிப் போனது என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒருத்தர் ‘தூக்கம்’ என்றார். ஒருத்தி ‘எரிச்சல்’ என்றாள். அவன் முறை வந்தபோது ‘பரவாயில்ல’ என்றான். அதற்குப் பிறகு கண்டக்டர் ஒரு தலைப்புக் கொடுப்பாள். அன்றைக்குக் ‘கதவு’. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் நீலக் காகிதத்தைக் கிழித்து அலை அலையாக ஒட்டினார்.

“கதவுன்னுதானே சொன்னாங்க?” என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

“ஆமா.”

“இது கடல் மாதிரி இருக்கே.”

“கடல்தான். எனக்கு வேற எதுவும் வராது” என்றார் அவர். ஐம்பதை நெருங்கும் பெரிய உடம்பு, சின்னக் குரல்.

அவன் காகிதத்தை மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, நூல் பிடித்த மாதிரி கிழித்தான். எதிரே இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் படிப்பு படிக்கிறவள், ஆள் பென்சில் மாதிரி இருப்பாள், வாயோ நாலு ஆள் வாய். அதனால் அவளுக்கு அங்கே ‘கடுகு’ என்று பெயர்.

“அங்கிள், கத்திரிக்கோல் இல்லாமலே வெட்டிட்டீங்க. இங்க கோணலா கிழிக்கிறதுக்குத்தான் மார்க்கு.”

அங்கிள் என்ற சொல் சுருக்கென்றது. இந்த விஷயத்தில் தனக்கு இன்னும் பத்தொன்பது வயதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமையும் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். படம் மட்டும் வரவில்லை. காகிதத்தை எடுப்பான், கிழிப்பான், திரும்பக் குவியலில் போட்டுவிடுவான். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் பசை காய்ச்சும் வேலையை எடுத்துக்கொண்டான். கட்டி தட்டாமல் பிளாஸ்டர் கலக்கிப் பழகிய கைக்கு மைதாப் பசை எம்மாத்திரம்? பசை வெண்ணெய் மாதிரி வந்தது. எல்லாரும் மெச்சினார்கள். அப்புறம் தூரிகை கழுவுவது, மேசை துடைப்பது, நாற்காலி அடுக்குவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இரண்டு மாதம் இப்படியே ஓட்டினான்.

ஒரு நாள் கண்டக்டர் பசை வாளியை அவன் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தாள்.

“பசை பிரமாதம்ணா. ஆனா சுவத்துல எல்லாரோடதும் இருக்கு, உங்களோடது ஒரு துண்டுகூட இல்ல. நீங்க இங்க வேலைக்கா வந்தீங்க?”

“எனக்கு ஒண்ணும் வரலைங்க.”

“அப்ப வராததையே ஒட்டுங்க. உட்காருங்க.”

உட்கார்ந்தான். ஒரு பெரிய வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்து வெகுநேரம் பார்த்தான். பழுப்புப் பொட்டலக் காகிதத்திலிருந்து நகக்கண் அளவு ஒரு துணுக்கைக் கிள்ளி, தாளின் நடுவில் ஒட்டினான். வேறு ஒன்றும் ஒட்டத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய வெள்ளையில் அது ஓர் எறும்பு மாதிரி கிடந்தது.

கடுகு வந்து குனிந்து பார்த்தாள். “இது நீங்களா?”

“தெரியல.”

“பக்கத்துல நான் ஒண்ணு ஒட்டட்டா?”

“வேண்டாம்மா.”

“சரி” என்றாள். முகம் கோணவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அவன் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தாளைக் கண்டக்டர் சுவரில் மாட்டினாள், கோணலாக.

அதற்குப் பிறகு நாட்களை எண்ண ஆரம்பித்தான். பத்து, இருபது, முப்பது. முப்பத்தாறாவது நாள், ஒரு வியாழக்கிழமை, எண்ணிக்கை உடைந்தது. குறிப்பாக எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு யாரும் திட்டவில்லை, எதுவும் தொலையவில்லை. அதுதான் அவனுக்கு அதிக வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் மட்டும் சொன்னான். இது இப்படித்தான் ஏறி இறங்கிப் போகும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள் என்றார் அவர். சனிக்கிழமை வட்டத்தில் ‘பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டுப் பசை காய்ச்சப் போனான்.

இரண்டு வாரம் கழித்து அவன் போனபோது மாடிப்படியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி கண்டக்டரிடம்தான் இருக்கும். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“டியூட்டி மாறியிருக்கும்” என்றார் ரொட்டிக்காரர்.

அடுத்த வாரமும் பூட்டு. நாலு பேர்தான் வந்தார்கள். கடுகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நமக்கெல்லாம் வண்டி வண்டியா ஆறுதல் சொல்றாங்க இல்ல? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன கேடு? எனக்கு இதுதான் தாங்க முடியாது. சொல்லாம போறது” என்று கத்திவிட்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

மூன்றாவது வாரம் அவனும் ரொட்டிக்காரரும் மட்டும்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு படியில் உட்கார்ந்தார்கள். கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரொட்டிக்காரர் காகிதப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.

“ஒண்ணு கவனிச்சீங்களா?” என்றான் அவன். “வட்டத்துல எல்லாரையும் கேட்பாங்க. அவங்க வார்த்தை என்னன்னு நாம ஒரு நாள்கூடக் கேட்டதில்ல.”

ரொட்டிக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். “ஆமாங்க. அவங்க முறை வர்றதுக்குள்ள தலைப்பைச் சொல்லிடுவாங்க.”

அந்த வாரம் முழுவதும் அது அவனை அரித்தது. புதன்கிழமை பஸ் டிப்போவுக்குப் போய், நேரக் காப்பாளரிடம் பேர் தெரியாமல் அடையாளம் சொல்லி, தட்டுத் தடுமாறி விசாரித்தான். “நீங்க என்ன உறவு?” என்று அவர் கேட்டபோது விழித்தான். “தங்கச்சி மாதிரி” என்று சொல்லி வைத்தான். வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள், தண்ணீர்த் தொட்டி வரை போகிற வண்டியில், மதிய ஷிப்ட்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டான். ஏழு வருஷத்தில் முதல் விடுப்பு. முதலாளி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “என்ன, பல்வலியா?”

இரண்டரை மணி வண்டியில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். கூட்டம் இல்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னாலிருந்து ஒவ்வொரு இருக்கையாக வந்தாள். முகம் வற்றியிருந்தது. “டிக்கெட், டிக்கெட்” என்ற குரலில் அந்தப் பழைய கிண்டல் இல்லை. அவனிடம் வந்து நின்றாள். பார்த்தாள். கண் ஒரு நொடி விரிந்து அடங்கியது.

“எங்க போகணும்?”

“கடைசி ஸ்டாப்.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அந்த ஐம்பது நிமிஷமும் அவன் பக்கம் திரும்பவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். டிரைவர் டீக்கடைக்குப் போனார். எதிரே வெட்டவெளி, நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி. அவள் வந்து அவனுக்கு எதிர் இருக்கையில் பாதி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“சாவி கேட்க” என்றான். அதற்காக வரவில்லை. வாயில் அதுதான் வந்தது.

அவள் பையில் கைவிட்டுத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. நீங்களே நடத்துங்க. எல்லாருக்கும் பசை நல்லா காய்ச்சிக் கொடுங்க.”

அவன் வாங்கவில்லை. அவள் கை நீட்டியபடியே இருந்தது, பிறகு மெல்ல மடிக்கு இறங்கியது.

“நாலு வருஷம்ணா” என்றாள். “நாலு வருஷம் ஒண்ணும் இல்லாம இருந்தேன். போன மாசம் என் பொண்ணப் பார்க்கப் போனேன். அவங்க அப்பா வீட்டுலதான் வளர்றா. ஒன்பது வயசு. எப்பவும் ‘வாம்மா’ன்னு ஓடி வருவா. அன்னிக்குக் கதவத் தொறந்து, ‘வாங்க, உட்காருங்க’ன்னா. யாரோ விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி. தண்ணிகூடக் கொண்டு வந்து கொடுத்தா. மரியாதையா.” சாவியை விரலில் சுற்றினாள். “அன்னிக்கு ரூமுக்கு வந்து... போச்சு. நாலு வருஷமும் போச்சு. உங்களுக்கெல்லாம் ‘முடியும், முடியும்’னு சொல்லிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் படி ஏறுவேன்?”

அவனுக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. டாக்டர் சொன்னது, அவளே அவனுக்குச் சொன்னது. ஒன்றையும் எடுத்து நீட்ட மனம் வரவில்லை.

“கதவு பூட்டறதுக்கு ரெண்டு வாரம் முன்ன” என்றான், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, “வட்டத்துல நான் ‘பரவாயில்ல’ன்னு சொன்னேன்.”

“நீங்க எப்பவும் அதத்தானே சொல்வீங்க.”

“அன்னிக்குச் சொன்னது பொய். அதுக்கு ரெண்டு நாள் முன்னதான் ஆயிடுச்சு. முப்பத்தாறு நாள் தாண்டல. உங்ககிட்ட சொன்னா நீங்க பட்ட பாடெல்லாம் தண்டம்னு ஆயிடுமோன்னு பயந்தேன். அதான் ஒண்ணும் சொல்லாம போய்ப் பசை காய்ச்சினேன்.”

அவள் அவனையே பார்த்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“அதான் அன்னிக்குப் பசை அவ்ளோ கெட்டியா? காகிதமே நகரல.”

அவனும் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இருவரும் வேறு வேறு ஜன்னல் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டார்கள்.

டிரைவர் வந்து ஹாரன் அடித்தார். “டிக்கெட் எடுத்துட்டு உட்காருங்க” என்றாள் அவள். எடுத்தான். வண்டி திரும்பிப் போனது. ஊருக்குள் போய் இறங்காமல் இன்னொரு டிக்கெட் எடுத்தான். அப்படி இரண்டு முழுச் சுற்று போனான். ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் பத்து நிமிஷம் கிடைத்தது. அதில் பாதி நேரம் பேசவில்லை. டிரைவர் ஒரு மாதிரி பார்த்தார். “சொந்தக்காரர்” என்றாள் அவள், சுருக்கமாக.

கடைசிச் சுற்றில் கேட்டான். “டாக்டரப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“நாளைக்குப் போலாமா? நான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். உள்ள வர மாட்டேன்.”

அவள் டிக்கெட் கட்டைக் கட்டை விரலால் சரசரவென்று புரட்டிக்கொண்டே இருந்தாள். இறங்கும்போதுதான் சொன்னாள். “காலைல டியூட்டி இல்ல. பத்து மணிக்கு வாங்க.” சாவியை அவன் கையில் வைத்து மூடினாள். “இது சும்மா வச்சிருங்க. கொடுத்துட்டேன்னு அர்த்தம் இல்ல.”

வீடு வந்து சேர்ந்தபோது ஏழரை. அக்கா வாசற்படியில் செருப்போடு நின்றிருந்தாள். பல் மருத்துவமனைக்குப் போன் போட்டிருக்கிறாள், அரை நாள் விடுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“எங்கடா போன?”

“பஸ்ல இருந்தேன்.”

“அஞ்சு மணி நேரமா?”

“ஆமாக்கா.”

அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோளில் வந்து விழுந்தது. இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்கள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கண்டக்டரின் சொந்த விஷயத்தைத் தவிர. முப்பத்தாறு நாளையும் சொன்னான், அது உடைந்ததையும் சொன்னான். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“உனக்கு அது வரும்போது” என்று ஆரம்பித்தாள். ஐந்து மாதத்தில் அதைப் பற்றி அவள் கேட்கும் முதல் கேள்வி. “நான் பக்கத்துல இருந்தா தொந்தரவாடா?”

அவன் யோசித்தான். “பேசாம உட்கார்ந்தா தொந்தரவு இல்ல. பேசாம பார்த்துக்கிட்டே இருந்தாதான்.”

“எனக்குப் பார்க்காம இருக்க வராதுடா.”

“தெரியும்.”

மறுநாள் பத்து மணிக்கு அவன் டாக்டரின் மருத்துவமனை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் வெளியே வந்து மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை அவன்தான் கதவைத் திறந்தான். ரொட்டிக்காரர் எல்லாருக்கும் போன் செய்திருந்தார். ஐந்து பேர் வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்த பிறகு எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். தலைப்பு எதுவும் தோன்றவில்லை.

“கடல்” என்றார் ரொட்டிக்காரர், ஆபத்துக்குப் பாவமில்லை என்பதுபோல. அன்றைக்கு எல்லாரும் கடல் ஒட்டினார்கள்.

கண்டக்டர் மேலும் இரண்டு வாரம் கழித்து வந்தாள். காக்கிச் சட்டை இல்லை. வந்து கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்தபோது யாரும் தாண்டிப் போகவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

“அசிங்கமா இருக்கு” என்றாள். ஒரு வார்த்தைக்கு மேலே போய்விட்டது, யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கடுகு முறைத்தாள். “ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

“பண்ணியிருக்கலாம்.”

“எனக்கு எவ்ளோ கோபம் தெரியுமா?”

“தெரியும்.”

“இன்னும் இருக்கு” என்று சொல்லி, கடுகு நாற்காலியைச் சர்ரென்று இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒருத்தரே நடத்துவது என்பதை விட்டுவிட்டார்கள். மாதம் ஒருத்தர் முறை. ஒரு சாவி நாலு சாவி ஆனது. ரொம்ப மோசமானால் டாக்டர், அதற்குக் கீழே எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கூப்பிட ஆளுக்கு ஒரு ஜோடி என்று எல்லாருக்கும் போன் எண் எழுதிக் கொடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஜோடி ரொட்டிக்காரர். கண்டக்டரின் மகள் அடுத்த தடவை எப்படிக் கூப்பிட்டாள் என்று அவள் சொல்லவில்லை. அவனுக்கு அதற்குப் பிறகு அது வரவே இல்லை என்று சொன்னால் பொய். இடைவெளிகள் நீண்டன. சில சமயம் குறைந்தன. ஆனால் வட்டத்தில் ‘பரவாயில்ல’ என்று சொல்வதை விட்டுவிட்டான். ‘வியாழக்கிழமை’ என்று ஒரு முறை சொன்னான். அந்த வாரம் எண்ணிக்கை உடைந்த நாள் அது என்று எல்லாருக்கும் புரிந்தது.

அவனுக்கு இருப்பதிலேயே கஷ்டமான நேரம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அக்கா தூங்குவாள். வெளிச்சம் சுவரில் அசையாமல் நிற்கும். அப்படி ஒரு ஞாயிறு, போனை எடுப்பதும் வைப்பதுமாகப் பத்து நிமிஷம் இருந்துவிட்டு எண்ணை அழுத்தினான்.

“யாரு?”

“நான்தான், பல்செட்.”

“சொல்லுங்க.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க.”

“எனக்கும் இல்ல” என்றார் ரொட்டிக்காரர்.

“வச்சிடட்டுங்களா?”

“வைக்காதீங்க. மேசை மேல வைங்க. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

அவன் போனை மேசையில் வைத்தான். மாவை எடுத்துப் பலகையில் அடிக்கும் சத்தம் வந்தது. தொப், தொப். குழாய் திறந்தது, மூடியது. தட்டு ஒன்று விழுந்து உருண்டது, அவர் முணுமுணுத்துத் திட்டினார். ஊரின் இன்னொரு மூலையில் முழங்கை வரை மாவோடு தனியாக நிற்கும் ஒரு மனிதர். இங்கே மேசைக்கு முன்னால் இவன். தனிமை எங்கேயும் போய்விடவில்லை, அறையில் அதன் இடத்திலேயே இருந்தது. அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துக் குரல் வந்தது. “இருக்கீங்களா? அடுப்புகிட்ட போகணும்.”

“இருக்கேன். போங்க.”

“அடுத்த வாரம் நான் கூப்பிடுறேன். என்கிட்டயும் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“பரவா...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். “சரிங்க, கூப்பிடுங்க” என்றான்.

மணி நாலாகியிருந்தது. உள்ளே அக்கா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து போய் முகம் கழுவினான்.